துளை எண் ஐம்பத்து மூன்று

ஆற்று வாயில் ஒரு கல் நின்றதாம்.
பத்தடி உயரம், உடம்பெல்லாம் எழுத்து,
ஐம்பது வரி என்கிறார்கள்.
படிக்கத் தெரிந்தவர் வந்து சேருமுன்
வெடிமருந்து வந்துவிட்டது.
கப்பல்களுக்கு வழி போதவில்லை.

மிஞ்சிய துண்டு மியூசியக் கண்ணாடிக்குள்.
மற்றவற்றைத் தேடுகிறேன்.
சம்பளம் வேறொரு வேலைக்கு.

ரயில் போகப்போகும் பாதையில்
உருவியெடுத்த மண்தண்டுகள்
பெட்டி பெட்டியாய் என் மேசைக்கு வரும்.
பெயர் எழுதுவேன்.
கடல் களிமண், சாம்பல் நிறம், சிப்பித்தூளோடு.
கொட்டி நிரப்பிய மண். செங்கல் சில்லு. பாதிப் பல்துலக்கி.
மணற்கல், சிதைந்தது.
மணற்கல் என்று எழுதும்போது மட்டும்
பேனா கொஞ்சம் நிற்கும்.
அந்தக் கல்லும் மணற்கல்தான்.

துளைபோடும் இருளப்பனுக்கு என் பைத்தியம் தெரியும்.
"உங்க கடுதாசி இன்னைக்கும் வரலக்கா."
என்னதான் எழுதியிருக்கும் என்று ஒருநாள் கேட்டதற்கு
கோப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றியபடி சொன்னான்:
"சிங்கப்பூர்ல வேற என்ன, அபராதம் எவ்வளவுன்னுதான்."

வியாழக்கிழமை, மழை, இரவு இரண்டு மணி.
"அக்கா, வாங்க" என்றான். சிரிக்கவில்லை.

நாலரை மீட்டரில், மசால்வடை அகலத்துக்கு
வட்டமாய் வெட்டுப்பட்ட கல்.
சைட் கழிவறைக் குழாயில் கழுவி
டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்தேன்.
மேல்முகத்தில் மூன்று கீறல்.
இரண்டு வளைவு, ஒரு நேர்கோடு.
பழைய ரசீதைத் திருப்பிப் போட்டுப்
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
ஒரு நொடி 'ழ' போலத் தெரிந்தது,
உடனே வெட்கம் வந்தது.
ஆசைக்கு எல்லாம் தாய்மொழியாகத்தான் தெரியும்.

இருளப்பன் பிட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
கல்லில் பட்டதும் வழுக்கியிருக்கும் என்றான்.
வைத்துப் பார்த்தான்.
வளைவு இரண்டும் அச்சாகப் பொருந்தின.
நேர்கோடு பொருந்தவில்லை.
பிட்டுக்கு நேராகப் போகத் தெரியாது.
அவன் என்னைப் பார்த்தான்.
மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெடித்த துண்டுகளை ஜல்லியாக்கி
ரோட்டில் போட்டார்கள் என்றும் ஒரு பேச்சு.
அப்படியானால் உடைத்தவர் யார்?
சென்னையில் கப்பலேற்றிய கைதிகள்
கல் உடைத்துப் போட்ட ரோடுகள் இங்கே உண்டு.
ஒருவனையாவது நினைக்கிறேன்.
காலில் விலங்கு,
நெற்றியில் பச்சை குத்திய குற்றம்.
தலையெழுத்து என்பது அவனுக்கு உவமை இல்லை.
தன் நெற்றியைத் தானே படிக்க முடியாதவன்
யாரும் படிக்காத கல்லின்மேல்
சுத்தியலை ஓங்குகிறான்.
ஒரு தடவை, பொழுதுபோகாமல்,
விரலால் அந்தக் குழிவைத் தடவியிருப்பானோ?
பிறகு உடைத்திருப்பான்.
கணக்குக் கூடை நிறையவேண்டுமே.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னால் துளை நிற்கும்,
இருளப்பனுக்கு ஓவர்டைம் போகும்.
"போனாப் போகுது" என்றான்,
கொஞ்சம் நேரம் கழித்துத்தான்.

வெள்ளை ஹெல்மெட்டோடு இருவர் வந்தார்கள்.
கல் ஜிப் பைக்குள் போனது.
ஒரு மாதம் ஆகிறது, அழைப்பு இல்லை.
இருளப்பனை ஜூரோங் பக்கம் மாற்றிவிட்டார்கள்.
ராத்திரி வாய்ஸ் அனுப்புகிறான்,
பின்னால் இயந்திரச் சத்தம்: "கடுதாசி?"

ரசீது என் பர்ஸில் இருக்கிறது.
ஒருபக்கம் பால், வெண்டைக்காய், முட்டை பத்து.
மறுபக்கம் அந்தக் கோடு.

என் பதிவேட்டில் இப்படி இருக்கிறது:
துளை 53. ஆழம் 4.5 மீ. மணற்கல், மஞ்சள் கலந்த பழுப்பு.
மேல்முகத்தில் கீறல் மூன்று.
இரண்டு எங்களுடையவை.